நான்கு நற்செய்திகளில் கலிலேயா: நிலப்பகுதியின் இறையியற் பொருண்மை

ஆய்வுச் சுருக்கம்

புதிய ஏற்பாட்டு நற்செய்தி நூல்களில் கலிலேயா என்னும் நிலப்பகுதி இயேசுவின் பணி நிகழ்ந்த களமாக இடம்பெறுகிறது. அது வெறும் நிகழ்விடமாக மட்டும் நின்றுவிடாமல், ஒவ்வொரு நற்செய்தியாசிரியரின் இறையியல் நோக்கையும் தாங்கி நிற்கிறது. வெறுமையான கல்லறையில் மகளிர் பெற்ற செய்தியை நான்கு நற்செய்திகளும் எவ்வாறு கையாளுகின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டு, மாற்குவில் மீண்டும் செல்லவேண்டிய இடமாகவும், மத்தேயுவில் அனைத்து மக்களினங்களை நோக்கிய வாயிலாகவும், லூக்காவில் சாட்சிகள் உருவான தொடக்கமாகவும், யோவானில் முறிந்த உறவு சீர்பெறும் கரையாகவும் கலிலேயா அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது. வரலாற்றுக் கலிலேயாவையும் இலக்கியக் கலிலேயாவையும் வேறுபடுத்தாமல் வாசித்ததால் விளைந்த பிழையும் இதில் சுட்டப்பெறுகிறது.

திறவுச் சொற்கள்: கலிலேயா, எருசலேம், நற்செய்தி நூல்கள், மாற்கு, இறையியல் நிலவியல், உயிர்ப்புச் செய்தி.

1. முன்னுரை

புதிய ஏற்பாட்டில் கலிலேயா என்னும் பெயர் நற்செய்தி நூல்கள் நான்கிலும் திருத்தூதர் பணிகள் நூலிலும் மட்டுமே காணப்படுகிறது. பவுலின் திருமுகங்களில் அது ஓரிடத்திலும் வரவில்லை. உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களை வரிசைப்படுத்தும் 1 கொரிந்தியர் 15:5-8 பகுதி, கண்டவர் யார் என்பதைச் சொல்கிறதேயன்றி எங்கே கண்டனர் என்பதைச் சொல்லவில்லை. இடப்பெயர் இன்றியே தொடக்ககாலக் கிறித்தவ அறிவிப்பு இயங்க முடிந்தது என்பது இதனால் புலனாகிறது. அவ்வாறாயின், கி.பி. 70ஆம் ஆண்டையொட்டியும் அதன் பின்னரும் எழுதப்பட்டவை எனப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் நற்செய்தி நூல்களில் இந்நிலப்பகுதி இத்துணை அழுத்தம் பெறுவது ஏன் என்னும் வினா எழுகிறது.

இயேசு கலிலேயாவில் வாழ்ந்தார். ஆதலால் கலிலேயா குறிப்பிடப்படுகிறது என்பது இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடையே ஆகும். ஏனெனில், ஒரே நிகழ்ச்சியை விவரிக்கும்போதும் நற்செய்தியாசிரியர்கள் கலிலேயாவை ஒரே வகையில் பயன்படுத்தவில்லை. இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தோன்றும் இடம் உயிர்ப்பு நிகழ்ச்சியாகும். கல்லறையில் தோன்றும் தூதர், சீடர்கள் கலிலேயாவுக்குச் செல்லவேண்டும் என்று மாற்குவிலும் மத்தேயுவிலும் அறிவிக்கிறார். லூக்காவிலோ, இயேசு கலிலேயாவில் இருந்தபோது சொன்னதை நினைவுகூருமாறு கேட்கிறார். முன்னதில் கலிலேயா செல்லவேண்டிய இடம். பின்னதில் நினைக்கவேண்டிய காலம். இம்மாற்றத்திலிருந்தே இக்கட்டுரை தன் வினாவைத் தொடங்குகிறது.

2. பெயரும் முன்வரலாறும்

கலிலேயா என்னும் பெயர், வட்டம், வட்டாரம் எனப் பொருள்படும் 'கலீல்' என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. எசாயா நூலில் இச்சொல் வேற்றினத்தாரைக் குறிக்கும் 'கோயிம்' என்னும் சொல்லோடு இணைந்து, வேற்றினத்தாருடைய வட்டாரம் என்னும் பொருளில் வருகிறது (எசாயா 9:1). அசீரிய மன்னன் மூன்றாம் திக்லத் பிலேசர் கி.மு. 733-732 அளவில் வட இசுரயேலின் மீது படையெடுத்து, கலிலேயாவையும் நப்தலி நாட்டையும் கைப்பற்றி மக்களை நாடுகடத்தியதை 2 அரசர்கள் 15:29 பதிவு செய்கிறது. எசாயாவின் தொடருக்குப் பின்புலமாக அமைவது இவ்வீழ்ச்சியே. எனவே அத்தொடர் மக்கள்தொகைக் கணக்கன்று. பறிபோன நிலத்தைப் பற்றிய புலம்பலும், அந்நிலம் ஒளிபெறும் என்னும் நம்பிக்கையும் அதில் கலந்துள்ளன.

இந்நிலப்பகுதி எல்லைப்புறமாகக் கருதப்பட்டதற்கு வேறு சான்றுகளும் உள. சாலமோன் தீர் நாட்டு மன்னன் ஈராமுக்குக் கலிலேயாவின் இருபது நகர்களைக் கொடுத்ததையும், ஈராம் அவற்றைக் கண்டு மனநிறைவு கொள்ளாததையும் 1 அரசர்கள் 9:11-13 கூறுகிறது. மக்கபேயர் காலத்தில், சுற்றிலும் இருந்த வேற்றினத்தாரின் தாக்குதலுக்கு உள்ளான கலிலேய யூதர்களைச் சீமோன் யூதேயாவுக்கு அழைத்துச் சென்றதை 1 மக்கபேயர் 5ஆம் அதிகாரம் விவரிக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அஸ்மோனிய அரசர்களின் ஆட்சி வடக்கே விரிவடைந்தபோது கலிலேயா மீண்டும் யூத ஆட்சிக்குள் வந்தது. அக்காலந்தொட்டு அங்குப் புதிய குடியிருப்புகள் பெருகியமையைத் தொல்லியல் கள ஆய்வுகள் காட்டுகின்றன.

3. முதல் நூற்றாண்டுக் கலிலேயா

இயேசுவின் காலத்தில் கலிலேயா, ஏரோது அந்திப்பாவின் ஆட்சியில் (கி.மு. 4 - கி.பி. 39) இருந்தது. யூதேயாவோ கி.பி. 6 முதல் உரோமை ஆளுநரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இவ்விரு பகுதிகளுக்கும் நடுவே சமாரியா அமைந்திருந்தது. சமாரியா வழியே விரைந்து சென்றால் கலிலேயாவிலிருந்து எருசலேமை மூன்று நாளில் அடையலாம் என்று யோசேப்பஸ் குறிப்பிடுகிறார். ஆக, கலிலேயாவும் எருசலேமும் ஒரே சமய மரபால் இணைந்தும், ஆட்சியாலும் தொலைவாலும் பிரிந்தும் இருந்தன.

கி.பி. 66-67இல் உரோமைக்கு எதிரான போரில் கலிலேயாவின் படைத்தலைவராக விளங்கிய யோசேப்பஸ், அப்பகுதியை மேற்கலிலேயா, கீழ்க்கலிலேயா எனப் பிரித்துக் காட்டுகிறார். அங்கே 204 நகரங்களும் ஊர்களும் இருந்தன என்பது அவர் தரும் கணக்கு. மிகச் சிறிய ஊரிலும் 15,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர் என்று அவர் கூறுவதை மிகைக்கூற்றாகவே அறிஞர்கள் கொள்வர். எனினும், செழிப்பான வேளாண் நிலமும் நெருக்கமான ஊர்களும் கொண்ட பகுதி அது என்பதில் ஐயமில்லை. கலிலேயாக் கடல் எனப்படும் நன்னீர் ஏரி ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உடையது. கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே அமைந்தது. அதன் கரையிலிருந்த மக்தலா ஊர், உப்பிட்ட மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகத் தரிக்கேயா எனவும் பெயர்பெற்றதாகக் கருதப்படுகிறது. 1986ஆம் ஆண்டில் கினோசர் அருகே ஏரிப்படுகையிலிருந்து மீட்கப்பட்ட பழங்கால மரப்படகு, இப்பகுதியின் மீன்பிடித் தொழிலுக்கு நேர்ச்சான்றாகத் திகழ்கிறது.

அந்திப்பா, செப்போரி நகரைப் புதுப்பித்தார், கி.பி. 19ஐ ஒட்டி ஏரிக்கரையில் திபேரியா நகரை நிறுவினார். நாசரேத்திலிருந்து செப்போரி சில கிலோமீட்டர் தொலைவே. இருப்பினும் நற்செய்தி நூல்கள் செப்போரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திபேரியாவின் பெயர் யோவானில் மட்டுமே வருகிறது. நற்செய்திகள் காட்டும் கலிலேயா நாசரேத்து, கப்பர்நாகூம், கானா, பெத்சாய்தா போன்ற ஊர்களின் கலிலேயா. ஆட்சி நகரங்களின் கலிலேயா அன்று. வரலாற்று நிலப்பகுதியிலிருந்து நற்செய்தியாசிரியர்கள் தெரிந்தெடுத்தே எழுதினர் என்பதற்கு இது முதற்சான்று.

முதல் நூற்றாண்டுக் கலிலேயாவின் மக்கள் யார் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. தூய்மைச் சடங்குக்குரிய நீர்த்தொட்டிகள், கற்கலங்கள், பன்றி எலும்புகள் அரிதாகவே கிடைக்கும் நிலை ஆகிய தொல்லியற் சான்றுகள் அப்பகுதியில் யூதரே பெரும்பான்மையர் என்பதை உறுதிசெய்கின்றன. மக்தலாவில் 2009இல் வெளிப்பட்ட முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடமும் இதற்கு வலுச்சேர்க்கிறது. ஜொனத்தன் ரீட், மார்க் சான்சி ஆகியோரின் ஆய்வுகள் இம்முடிவை விரிவாக நிறுவியுள்ளன. கலிலேயர்கள் பலி செலுத்த எருசலேம் கோவிலுக்குச் சென்றனர் என்பதற்கு லூக்கா 13:1 சான்று பகர்கிறது. ஆகவே கலிலேயாவை யூத சமயத்திற்குப் புறம்பான நிலமாகக் கருத இடமில்லை. அது யூத சமயத்தின் உள்ளே, மையத்திலிருந்து விலகிய ஓர் எல்லைப்புறம்.

4. மாற்கு: மீண்டும் செல்லவேண்டிய இடம்

மாற்கு நற்செய்தியில் கலிலேயா என்னும் பெயர் பன்னிரண்டு முறை வருகிறது. யூதேயா முழுவதிலிருந்தும் எருசலேமிலிருந்தும் மக்கள் திரளாகத் திருமுழுக்கு யோவானிடம் வருவதாக நூலின் தொடக்கம் கூறுகிறது (1:5). அதையடுத்து, கலிலேயாவிலுள்ள நாசரேத்திலிருந்து ஒருவர் மட்டும் வருகிறார் (1:9). இந்த முரண் தற்செயலானதன்று. இறையாட்சியின் அறிவிப்பு தொடங்குவதும் (1:14-15), முதற் சீடர்கள் அழைக்கப்படுவதும் (1:16-20), பாவமன்னிப்பு வழங்கப்படுவதும் (2:1-12) கலிலேயாவிலேயே நிகழ்கின்றன. மன்னிப்பு வழங்கப்படும் இடம் கோவில் அன்று. கப்பர்நாகூமில் உள்ள ஒரு வீடு. எருசலேமிலிருந்து வரும் மறைநூல் அறிஞரோ இயேசுவைக் குற்றஞ்சாட்டுவோராகவே அறிமுகமாகின்றனர் (3:22, 7:1).

எனினும் மாற்குவின் கலிலேயா குறையற்ற பொன்னுலகம் அன்று. இயேசுவை ஒழிக்கும் சூழ்ச்சி முதலில் உருவாவது அங்கேதான் (3:6). சொந்த ஊரார் அவரை ஏற்கவில்லை (6:1-6). திருமுழுக்கு யோவானின் தலை கேட்கப்படும் விருந்தில் கலிலேயாவின் பெருமக்களே அமர்ந்திருக்கின்றனர் (6:21). அதுபோலவே எருசலேமும் முற்றிலும் மறுக்கப்படவில்லை. நலம்பெற்ற தொழுநோயாளரைக் குருவிடம் அனுப்பி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்தச் செய்கிறார் இயேசு (1:44). ஆதலால், கலிலேயா நன்மை, எருசலேம் தீமை என இருகூறாகப் பிரிப்பது பனுவலின் நுட்பத்தை இழப்பதாகும்.

மாற்கு ஏரியைக் 'கடல்' என்றே அழைக்கிறார். அக்கடலின் இருகரைகளுக்கிடையே இயேசு மீண்டும் மீண்டும் பயணம் செய்கிறார். ஒருகரை யூத ஊர்களுடையது. மறுகரை தெக்கப்பொலி எனும் பத்து நகர்ப் பகுதியைச் சார்ந்தது. ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கும் நிகழ்ச்சியும் (6:30-44) நாலாயிரம் பேருக்கு உணவளிக்கும் நிகழ்ச்சியும் (8:1-10) இவ்விரு உலகங்களையும் ஒரே பந்தியில் இணைப்பதாக உரையாசிரியர் பலர் விளக்குவர். இவற்றுக்கு நடுவே தீர், சீதோன், தெக்கப்பொலி வழியான பயணம் அமைவது (7:24-31) இவ்விளக்கத்துக்கு அரணாகிறது. எல்லையைக் கடந்து சென்று திரும்பும் இயக்கத்தின் நடுப்புள்ளியாகக் கலிலேயா அமைகிறது.

இப்பின்னணியிலேயே உயிர்ப்புச் செய்தியை வாசித்தல் வேண்டும். இறுதி இரவுணவுக்குப்பின், சீடர் அனைவரும் சிதறிப்போவர் என்று முன்னறிவிக்கும் இயேசு, தாம் எழுப்பப்பட்டபின் அவர்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போவதாகக் கூறுகிறார் (14:28). கல்லறையில் இருந்த இளைஞர் அதனையே நினைவூட்டி, சீடரிடமும் பேதுருவிடமும் சொல்லுமாறு பணிக்கிறார் (16:7). இரு இடங்களிலும் வரும் 'முன்னே செல்லுதல்' என்னும் பொருளுடைய 'ப்ரொஅகோ' என்ற கிரேக்க வினைச்சொல், எருசலேமை நோக்கி இயேசு சீடருக்கு முன்னே நடந்து சென்றதைக் கூறும் 10:32இலும் வருகிறது. அப்போது அச்சத்தோடு பின்தொடர்ந்தவர்கள் பின்னர் ஓடிப்போயினர். இப்போது அதே வினைச்சொல் அவர்களை எதிர்த்திசையில் அழைக்கிறது. மறுதலித்த பேதுருவின் பெயர் தனித்துச் சொல்லப்படுவதால், கலிலேயாவுக்குச் செல்லுதல் தோற்றவர்களுக்கான மறு அழைப்பாகிறது.

சினாய்ப் படி, வத்திக்கான் படி ஆகிய நான்காம் நூற்றாண்டுக் கைப்படிகளில் மாற்கு நற்செய்தி 16:8உடன் முடிகிறது. மகளிர் அஞ்சி ஓடுகின்றனர். எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. கலிலேயாச் சந்திப்பு நூலுக்குள் காட்டப்படவே இல்லை. இம்முடிவு வாசகரை நூலின் தொடக்கத்திற்கே அனுப்புகிறது என்பது கதையாடல் ஆய்வாளர் பலரின் கருத்து. கலிலேயாவுக்குச் செல்வதென்பது, சிலுவையை அறிந்தபின் முதல் அதிகாரத்திலிருந்து மீண்டும் பின்தொடரத் தொடங்குவதாகும். எருசலேம் கோவில் கி.பி. 70இல் அழிந்த சூழலையொட்டி இந்நூலை வாசித்த குழுவினருக்கு, சந்திப்புக்குரிய இடம் கோவில் நகரம் அன்று என்னும் இச்செய்தி வாழ்வாதாரமான பொருள் உடையதாக இருந்திருத்தல் வேண்டும்.

5. மத்தேயு: மக்களினங்களை நோக்கிய வாயில்

மத்தேயு, மாற்குவின் கலிலேயாச் செய்தியை ஏற்றுக்கொண்டு அதற்கு மறைநூல் அடிப்படை அமைக்கிறார். எகிப்திலிருந்து திரும்பும் யோசேப்பு, யூதேயாவில் அர்க்கெலா ஆள்வதை அறிந்து கலிலேயாவுக்கு விலகிச் செல்கிறார் (2:22). யோவான் சிறைப்பட்டதைக் கேள்வியுறும் இயேசுவும் அவ்வாறே விலகிச் செல்கிறார் (4:12). இரண்டு இடங்களிலும் ஒரே கிரேக்க வினைச்சொல் ஆளப்படுகிறது. அதிகாரத்தின் அச்சுறுத்தலிலிருந்து விலகும் புகலிடமாகக் கலிலேயா அறிமுகமாகிறது.

அதன்பின் இயேசு நாசரேத்தைவிட்டுக் கப்பர்நாகூமில் குடியேறுவதை, செபுலோன், நப்தலி நாடுகளைப் பற்றிய எசாயாவின் இறைவாக்கு நிறைவேறியதாக மத்தேயு விளக்குகிறார் (4:13-16). நாசரேத்து பண்டைய செபுலோன் குலத்தின் எல்லைக்குள்ளும் கப்பர்நாகூம் நப்தலி குலத்தின் எல்லைக்குள்ளும் அமைந்தவை. அசீரியரிடம் முதலில் வீழ்ந்த குலங்களின் நிலமே முதலில் ஒளியைக் காண்கிறது என்பது இதன் கருத்தாகும். மத்தேயு தம் நூலை ஆபிரகாம், தாவீது வழிவந்த மரபுவரிசையோடு தொடங்கியிருப்பதையும் இங்கு மறத்தலாகாது. கலிலேயா இசுரயேலின் மீட்புக்குரிய நிலமாகவும், வேற்றினத்தாரின் பெயரைத் தாங்கிய நிலமாகவும் ஒருங்கே நிற்கிறது.

இவ்விரட்டைத் தன்மை நூலின் போக்கைத் தீர்மானிக்கிறது. கலிலேயாவில் பன்னிருவரை அனுப்பும்போது, வேற்றினத்தாரிடமும் சமாரியரிடமும் செல்லவேண்டாம் என்று இயேசு தடுக்கிறார் (10:5-6). அதே கலிலேயாவில், ஒரு மலைமீது, பதினொருவரை எல்லா மக்களினத்தாரிடமும் அனுப்புகிறார் (28:16-20). தடை விதிக்கப்பட்ட நிலத்திலேயே தடை நீங்குகிறது. மலைப்பொழிவு நிகழ்ந்ததும் கலிலேய மலையொன்றில்தான் (5:1). ஆதலால், கற்பிக்கவேண்டும் என்னும் இறுதிக் கட்டளை வாசகரை மலைப்பொழிவுக்கே திரும்ப இட்டுச் செல்கிறது. மாற்கு காட்டாமல் விட்ட சந்திப்பை மத்தேயு காட்டுகிறார். ஆயினும் அங்கும் சிலர் ஐயுற்றனர் எனக் குறிப்பிடுவதால் (28:17), அச்சந்திப்பு வெற்றி விழாவாக மாறிவிடவில்லை.

6. லூக்கா: சாட்சிகள் உருவான தொடக்கம்

லூக்காவின் நற்செய்தி எருசலேம் கோவிலில் தொடங்கி (1:8-9) எருசலேம் கோவிலில் முடிகிறது (24:53). இடையில், இயேசு எருசலேமை நோக்கிச் செல்லத் துணியும் 9:51 முதல் ஏறத்தாழப் பத்து அதிகாரங்கள் பயணமாக விரிகின்றன. தீர், சீதோன், தெக்கப்பொலிப் பயணங்கள் இடம்பெறும் மாற்கு 6:45-8:26 பகுதி முழுவதையும் லூக்கா எடுத்தாளவில்லை. மாற்கு 'கடல்' என்றதை அவர் 'ஏரி' என்றே வழங்குகிறார். கலிலேயாவின் எல்லைகடந்த இயக்கம் இவ்வாறு சுருங்குகிறது. எல்லை கடத்தல் அவருடைய இரண்டாம் நூலுக்கென ஒதுக்கிவைக்கப்படுகிறது.

இதற்கேற்ப, மாற்கு 14:28இன் முன்னறிவிப்புக்கு லூக்காவில் இணைவரி இல்லை. கல்லறைச் செய்தியில் கலிலேயா என்னும் பெயர் நீக்கப்படவில்லை. அதன் பொருள் மாற்றப்படுகிறது (24:6-7). உயிர்த்தவர் எம்மாவு வழியிலும் எருசலேமிலும் தோன்றுகிறார். உன்னதத்திலிருந்து வரும் வல்லமையைப் பெறும்வரை நகரிலேயே தங்கியிருக்கப் பணிக்கிறார் (24:49). திருத்தூதர் பணிகள் 1:8 வகுக்கும் சாட்சியத்தின் பாதை எருசலேம், யூதேயா, சமாரியா, உலகின் கடையெல்லை என விரிகிறது. அவ்வரிசையில் கலிலேயா இல்லை.

இதைக் கொண்டு லூக்கா கலிலேயாவைப் புறக்கணித்தார் என முடிவுகட்டுதல் பொருந்தாது. விண்ணேற்றத்தின்போது சீடர்கள் கலிலேயர் என்றே விளிக்கப்படுகின்றனர் (1:11). பெந்தக்கோஸ்து நாளில் பல மொழி பேசுவோரும் கலிலேயர் என்றே கண்டு வியக்கப்படுகின்றனர் (2:7). கலிலேயா தொடங்கி நிகழ்ந்தவற்றைப் பேதுரு எடுத்துரைக்கிறார் (10:37). கலிலேயாவிலிருந்து இயேசுவோடு வந்தவர்களே சாட்சிகள் எனப் பவுல் அறிவிக்கிறார் (13:31). சிலுவையருகிலும் கல்லறையருகிலும் நின்ற மகளிரும் கலிலேயாவிலிருந்து வந்தவர்களே (23:49, 55). 'காலத்தின் நடுவம்' என்னும் கருத்தை முன்வைத்த ஹான்ஸ் கொன்செல்மன், 1954இல் வெளிவந்த தம் நூலில், லூக்காவின் கலிலேயாவைச் சாட்சிகள் திரட்டப்பட்ட காலமாக விளக்கினார். இவ்வாறு, மாற்குவில் எதிர்காலத்திற்குரியதாக இருந்த நிலம் லூக்காவில் கடந்தகாலத்திற்குரியதாகிறது. சீடர்கள் அங்குத் திரும்புவதில்லை. அங்கிருந்து வந்தவர்கள் என்பதே அவர்களின் தகுதியாகிறது.

7. யோவான்: முறிந்த உறவு சீர்பெறும் கரை

யோவானில் இயேசு கலிலேயாவுக்கும் எருசலேமுக்கும் இடையே பலமுறை சென்று வருகிறார். முதல் அரும்அடையாளமும் இரண்டாவதும் கலிலேயாவிலுள்ள கானாவில் நிகழ்கின்றன (2:11, 4:54). ஆனால் இந்நூலில் கலிலேயா முதன்மையாக ஓர் ஐயத்தின் பெயராக வருகிறது. நாசரேத்திலிருந்து நன்மை எதுவும் வரக்கூடுமோ என நத்தனியேல் ஐயுறுகிறார் (1:46). அவரே கானாவைச் சேர்ந்தவர் என்பது பின்னர்த் தெரியவருகிறது (21:2). கலிலேயாவிலிருந்து இறைவாக்கினர் தோன்றுவதில்லை என்று எருசலேமின் தலைவர்கள் நிக்கதேமிடம் உறுதிபடக் கூறுகின்றனர் (7:52). ஆனால் இறைவாக்கினர் யோனா, கத்கேபேர் என்னும் ஊரைச் சார்ந்தவர் (2 அரசர்கள் 14:25). அவ்வூர் செபுலோன் எல்லையில் அமைந்தது (யோசுவா 19:13). மறைநூலை ஆராய்ந்து பார்க்கச் சொல்பவர்களே அதனை ஆராயவில்லை என்னும் அங்கதத்தை நற்செய்தியாசிரியர் விளக்கம் ஏதுமின்றி விட்டுச்செல்கிறார்.

உயிர்ப்புக்குப் பிந்திய தோற்றங்கள் 20ஆம் அதிகாரத்தில் எருசலேமிலும் 21ஆம் அதிகாரத்தில் திபேரியாக் கடலருகிலும் அமைகின்றன. 20:30-31 நூலின் முடிவுரை போல் ஒலிப்பதால், 21ஆம் அதிகாரம் பின்னர் இணைக்கப்பட்டது என்பார் பலர். அவ்வாறாயினும் அவ்விணைப்பு நுட்பமானது. அப்பமும் மீனும் பகிரப்பட்ட 6ஆம் அதிகாரத்தில் ஏரிக்குத் தரப்பட்ட திபேரியா என்னும் பெயரே இங்கும் வருகிறது. பேதுரு மூன்றுமுறை மறுதலித்தது எருசலேமில், கரிநெருப்பின் அருகே (18:18). மூன்றுமுறை அன்பை அறிக்கையிடுவது கலிலேயக் கரையில், கரிநெருப்பு மூட்டப்பட்ட இடத்தில் (21:9, 15-17). கரிநெருப்பைக் குறிக்கும் இக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மாற்கு 16:7இல் பேதுருவின் பெயரோடு விடுக்கப்பட்ட அழைப்பு, யோவான் 21இல் ஒரு நிகழ்ச்சியாக வடிவம் பெறுகிறது எனலாம். எருசலேம் மரபையும் கலிலேய மரபையும் ஒன்றையொன்று நீக்காமல் அடுத்தடுத்து வைத்திருப்பது இந்நூலின் தனித்தன்மை.

8. வாசிப்பின் பொறுப்பு

கலிலேயா, எருசலேம் என்னும் இரு மையங்கள் தொடக்கத் திருச்சபையில் இருந்தன என்னும் கருத்தை ஏர்னஸ்ட் லோமேயர் 1936இல் முன்வைத்தார். ராபர்ட் ஹென்றி லைட்ஃபுட் 1938இல் நற்செய்திகளில் இடத்திற்கும் கோட்பாட்டிற்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். வில்லி மார்க்சன் 1956இல், மாற்குவின் குழு கலிலேயாவில் கூடி இயேசுவின் வருகைக்குக் காத்திருந்ததாகக் கருதினார். கலிலேயத் திருச்சபை பற்றிய நேரடிக் குறிப்பு திருத்தூதர் பணிகள் 9:31இல் மட்டுமே கிடைப்பதால், இலக்கியப் பொருளிலிருந்து வரலாற்றுக் குழுவை வருவிக்கும் இம்முயற்சிகள் முழுமையாக ஏற்கப்படவில்லை. ஆயினும், இடம் என்பது இறையியல் பேசும் என்னும் அடிப்படையை இவர்களே நிலைநாட்டினர்.

இதே காலத்தில் கலிலேயா கொடிய நோக்கத்திற்கும் பயன்படுத்தப்பட்டது. யூதச் செல்வாக்கைத் திருச்சபையிலிருந்து அகற்றும் நோக்குடன் 1939இல் ஜெர்மனியின் ஐசனாக்கில் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் தலைமைக் கல்வியாளர் வால்டர் குருண்ட்மன். அவர் 1940இல் வெளியிட்ட நூலில், கலிலேயா வேற்றினத்தாரின் நிலம் என்னும் கூற்றைக் கொண்டு, இயேசு யூதர் அல்லர் என்று வாதிட்டார். எசாயாவின் புலம்பல் தொடர் இனக்கொள்கைக்குச் சான்றாக்கப்பட்டது. மத்தேயு அத்தொடரை எடுத்தாளும் நூலிலேயே இயேசுவின் யூத மரபுவரிசை முதலில் நிற்பது கண்டுகொள்ளப்படவில்லை. இலக்கியம் ஒரு நிலத்திற்கு ஏற்றிய பொருளை அந்நிலத்தின் மக்கள்தொகை வரலாறாக மாற்றியதே இங்கு நேர்ந்த முறையியற் பிழை.

இதற்கு நேர்மாறான திசையில், விர்ஜிலியோ எலிசாண்டோ 1983இல் வெளியிட்ட தம் நூலில், மெக்சிக அமெரிக்க மக்களின் எல்லைப்புற வாழ்வை நோக்கிக் கலிலேயாவை வாசித்தார். இரு பண்பாடுகளாலும் ஒதுக்கப்பட்டோர் தம்மைக் காணும் இடமாக அது அவருக்குத் தோன்றியது. அவ்வாசிப்பின் விடுதலை நோக்கு போற்றத்தக்கது. எனினும், கலப்பினக் கலிலேயா என்னும் அதன் வரலாற்று அடித்தளத்தைத் தொல்லியல் உறுதிப்படுத்தவில்லை. தவிரவும், கலிலேயாவை உயர்த்துவதற்காக எருசலேமையும் யூத சமயத்தையும் ஒடுக்குமுறையின் உருவமாக்கும் போக்கு, நன்னோக்குடைய வாசிப்புகளிலும் நுழையக்கூடும். விளிம்பின் குரலைக் கேட்பதற்கு மையத்தில் வாழ்ந்த மக்களை இழித்துரைக்கவேண்டிய தேவை இல்லை. கலிலேயாவின் நகரங்களான கொராசின், பெத்சாய்தா, கப்பர்நாகூம் ஆகியவையே மனம் மாறாததற்காகக் கடிந்துரைக்கப்படுகின்றன (மத்தேயு 11:20-24; லூக்கா 10:13-15) என்பதை இத்தகைய வாசிப்புகள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, முதல் நூற்றாண்டுக் கலிலேயா யூதப் பெரும்பான்மை கொண்ட, எருசலேமோடு சமயத் தொடர்புடைய, ஆட்சியால் பிரிந்த எல்லைப்புற நிலப்பகுதியாக இருந்தது. வேற்றினத்தாரின் கலிலேயா என்பது இறைவாக்கு மரபு தந்த பெயர்; மக்களின் இன வரையறை அன்று.

இரண்டாவதாக, கல்லறைச் செய்தியைக் கையாளும் முறையே ஒவ்வொரு நற்செய்தியின் இட நோக்கையும் வெளிப்படுத்துகிறது. மாற்கு அதனைத் தோற்ற சீடர்களுக்கான மறு அழைப்பாக நிறுத்துகிறார். மத்தேயு அதனை அனைத்து மக்களினங்களுக்குமான பணியாக விரிக்கிறார். லூக்கா அதனைச் சாட்சியத்தின் நினைவாக மாற்றுகிறார். யோவான் நற்செய்தியில் அச்செய்தி இடம்பெறாவிடினும், அதன் பொருள் ஏரிக்கரை உணவாகவும் உரையாடலாகவும் உருப்பெறுகிறது.

மூன்றாவதாக, இவ்வேறுபாடுகளை முரண்களாக எண்ணி ஒன்றாக்க முயல்வதைவிட, திருச்சபையின் மையம் எது என்னும் வினாவுக்குத் தொடக்ககாலக் குழுக்கள் அளித்த வெவ்வேறு விடைகளாகக் கொள்வது பொருத்தமானது. கோவில் அழிந்த தலைமுறைக்கு அது உயிர்நாடியான வினா. எருசலேமில் தங்கியிருக்கவும், கலிலேயாவுக்குச் செல்லவும் ஒரே திருமறைத் தொகுப்பு கட்டளையிடுகிறது. அவ்விரு கட்டளைகளையும் தொகுத்தவர்கள் ஒன்றையும் நீக்கவில்லை. நிலத்தின் வரலாற்றை வரலாறாகவும், அதன் இலக்கியப் பொருளை இலக்கியமாகவும் அறிந்து, பின்னர் இரண்டையும் இணைத்து நோக்கும் வாசிப்பே கலிலேயாவின் பொருண்மையைச் சிதையாமல் காக்கும்.